கோல் வாங்கப் பிறந்த லம்மர்ட்

கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் இந்த நெதர்லாந்தைத் தண்ணீர் விழுங்கிவிடாமல் காப்பது அணைகளும் மதகுகளும்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுத்தப் பொய். காப்பது லம்மர்ட் ஓஸ்திங். அவர் ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய் வடகடல் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தாரென்றால், அலை வந்து அவருடைய பூட்ஸைப் பார்த்துவிட்டு, "மன்னிக்கணும், ஆள் இருக்கீங்கன்னு தெரியாது" என்று டென்மார்க் பக்கம் போய்விடும். உட்காருவதில் அப்படி ஒரு மன்னன். அவரளவு நேர்த்தியாக உட்கார்ந்த கால்பந்து வீரர் ஐரோப்பாவில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் நகர அணி இரண்டாம் டிவிஷனில் ஆடும் அணி. அதில் லம்மர்ட் பதின்மூன்று சீசன் மாற்று கோல்கீப்பராக இருந்தார். முதல் கோல்கீப்பருக்குக் கால் உடைந்தால், காய்ச்சல் வந்தால், சிவப்பு அட்டை கிடைத்தால் இறங்கவேண்டிய ஆள். எங்கள் அணிக்கு வாய்த்த முதல் கோல்கீப்பர்களோ ஒவ்வொருவரும் இரும்பில் வார்த்தவர்கள். ஒருத்தருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. லம்மர்ட் வெள்ளிக்கிழமைதோறும் குளித்து, ஷேவ் செய்து, ஜெர்சி மாட்டி, பெஞ்சில் உட்கார்ந்து, மறுபடி குளித்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

"உன் ஜெர்சியைத் துவைக்கிறதே வேஸ்ட்டு. மடிச்சு வச்சாப் போதும்" என்பாள் அவர் மனைவி ஹில்லி.

"குளிர்ல உக்காந்தாலும் வேர்க்கும்டி. உள்ளுக்குள்ள ஆடிட்டுத்தான் இருக்கேன்."

"அப்ப உள்ளுக்குள்ளயே துவைச்சுக்கோ."

அவர் பிறந்தது வடக்கே ட்ரென்தெ மாகாணத்தில், உருளைக்கிழங்கு விவசாயி வீட்டில். பத்து வயதிலேயே கொட்டகை நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். ஓட்டம் மட்டும் வராது. பள்ளிக்கூட மைதானத்தில், "ஓடத் தெரியாதவன் நில்லு" என்று கோல் கம்பமாகப் போட்ட இரண்டு ஸ்வெட்டருக்கு நடுவில் நிறுத்தினார்கள். நின்றவன் ஒன்றையும் உள்ளே விடவில்லை. அறுவடைக் காலத்தில் இயந்திரப் பட்டையில் ஓடிவரும் கிழங்குகளுக்கு நடுவே கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிப் பழகிய கை அது. கண் பார்ப்பதற்குள் கை போய்விடும். இருபத்தாறு வயதில் நகர அணி கூப்பிட்டது. ஊரே கைகொடுத்து அனுப்பியது. அப்பா மட்டும், "கிழங்கு எடுக்கிற நேரத்துக்கு வந்துடுவல்ல?" என்று கேட்டார்.

அங்கே போய் அவர் கற்றுக்கொண்டது கோல் காப்பதை மட்டுமல்ல. கோல் காப்பவனைக் காப்பதையும் கற்றுக்கொண்டார். ஆட்டத்துக்கு முன் முதல் கோல்கீப்பருக்குப் பந்து அடித்துக் கொடுத்துச் சூடேற்றுவது மாற்று ஆளின் வேலை. யாருக்கு எந்தப் பந்து பயமோ அதை லம்மர்ட் கடைசியாக, மெதுவாக, பிடிக்கிற மாதிரி அடிப்பார். பயத்தைப் பிடித்துவிட்ட தெம்போடு அந்த ஆள் களத்துக்குப் போவான். யூர்யன் என்று ஒருத்தன் இருந்தான். ஆறரை அடி, கொள்ளைத் திறமை, ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கழிப்பறையில் வாந்தி எடுப்பான். லம்மர்ட் கதவுக்கு வெளியே நின்று உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசுவார்.

"இந்த வருஷம் மழை ஜாஸ்தி யூர்யன். கிழங்கெல்லாம் அழுகிடும்போல."

"இப்ப... கிழங்கா... முக்கியம்?" என்று உள்ளேயிருந்து வரும்.

"உன் வயித்தைவிட எங்கப்பாவுக்கு அது முக்கியம்ப்பா."

உள்ளே ஒரு சிரிப்பு கேட்கும். சிரித்துவிட்டானென்றால் சரியாகிவிட்டான் என்று பொருள். யூர்யன் தடுத்த பந்துகளில் பாதிக்குக் கணக்கு அந்தக் கழிப்பறைக் கதவில் எழுதப்படவேண்டும்.

லம்மர்ட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் மைதானத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வாரப் பிள்ளை உண்டு. க்ளப்பின் குழந்தைகள் பிரிவிலிருந்து ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் குழந்தை வீரர்களோடு உட்கார்ந்து சாப்பிடும், கேப்டன் கையைப் பிடித்துக்கொண்டு களத்துக்குள் வரும். பிறகு நடுவட்டத்திலிருந்து தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கோல் போடும். கோல்கீப்பர் எதிர்ப்பக்கம் விழுந்து புல்லைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். கூட்டம் கூரை பறக்கக் கத்தும். அதற்கப்புறம்தான் ஆட்டம்.

பதின்மூன்று சீசனும் புல்லைக் கட்டிப்பிடித்தவர் லம்மர்ட். சும்மா விழமாட்டார். குண்டடி பட்டவர்போல விழுவார். விழுந்து, தலையில் கைவைத்து, கோல் கம்பத்திடம் நியாயம் கேட்பார். ஒருமுறை பந்து வழியிலேயே நின்றுவிட்டது. லம்மர்ட் படுத்த வாக்கில் ஊதினார், குழந்தை ஓடிவந்து மறுபடி உதைத்தது. குழந்தை எந்தப் பக்கம் அடிக்கப்போகிறது என்று முன்னாலேயே காதோடு கேட்டுவைத்துக்கொள்வார். ஸ்கோர் பலகைப் பக்கமா, காண்டீன் பக்கமா? குழந்தை சொன்னதற்கு எதிர்ப்பக்கம் விழுவார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இதனால் என்ன ஆயிற்றென்றால், எங்கள் ஊரில் ஒரு தலைமுறையே லம்மர்ட்டுக்குக் கோல் போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசியைக் குத்திக்கொண்டே நர்ஸ் சொல்வாள், "நான் உங்களுக்குக் கோல் போட்டிருக்கேன்." வேகமாகப் போனதற்கு அபராதம் எழுதும் போலீஸ்காரன் எழுதி முடித்துவிட்டுச் சொல்வான், "காண்டீன் பக்கம் போட்டேன். ஞாபகமிருக்கா?"

"மறக்க முடியுமா தம்பி? தூக்கமே வரல" என்பார் லம்மர்ட். எல்லோரிடமும் அதையே சொல்வார். எல்லோரும் நம்புவார்கள்.

ஆனால் மனுஷனுக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. ஒரு முழு ஆட்டம். சொந்த மைதானத்தில், முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை, ஒன்றே ஒன்று. நடுவே இறங்கி மிச்சத்தைக் கூட்டித் தள்ளியது உண்டு. வெளியூரில், மழையில், தோற்றுக்கொண்டிருந்தபோது. முழு ஆட்டம் கிடையாது. முப்பத்தொன்பது வயதாகிவிட்டது. கோடையோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கமாட்டோம் என்று க்ளப் சொல்லிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லிப் புலம்பவில்லை. ஒரு நாள் பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டே ஹில்லியிடம் மட்டும் சொன்னார்: "நான் ஃபுட்பால் ஆடினேனா, இல்ல ஃபுட்பால் பாத்தேனான்னு நாளைக்கு யாராவது கேட்டா என்னடி சொல்றது?"

ஹில்லி பெரிய கரண்டியால் அவர் கிண்ணத்தில் இன்னொரு துண்டு தொத்திறைச்சியைப் போட்டாள்.

அப்போதுதான், சீசனின் கடைசி ஆட்டத்தன்று, யூர்யனுக்கு நிஜமான காய்ச்சல் வந்தது. எதிரணி தெற்கிலிருந்து வந்த அணி. ஜெயித்தால் அவர்கள் முதல் டிவிஷனுக்குப் போகிறார்கள். எங்களுக்கு ஆட்டத்தில் ஒன்றுமில்லை. அண்டை மாகாணத்துக்காரன் எங்கள் புல்லில் கூத்தாடக் கூடாது என்ற வீம்பு மட்டும் இருந்தது. கோச் வீரிங்கா உடைமாற்றும் அறையில் லம்மர்ட்டின் தோளைத் தட்டினார். "நீதான்ப்பா இன்னைக்கு." லம்மர்ட் தலையாட்டினார். கையுறையை இரண்டு முறை மாட்டி இரண்டு முறை கழற்றினார்.

"வாரப் பிள்ளைக்கு இன்னைக்குச் சின்னவன் நிக்கட்டும்" என்றார் கோச். சின்னவன் என்பது ஜூனியர் அணியிலிருந்து பெஞ்சுக்கு ஏறியிருந்த பதினெட்டு வயதுக் கீப்பர்.

"அது என் வேலை கோச். அதையும் செஞ்சுட்டே ஆடறேன்."

அன்றைய வாரப் பிள்ளை ஃபென்னா, ஏழு வயது. முன்பல் இரண்டும் இல்லாத, இரட்டைச் சடை போட்ட, உலக மகா அப்பாவி. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிஞ்சு. வீரர்களோடு சாப்பிடும்போது கேப்டனின் பாலில் யாரோ உப்பைக் கொட்டியிருந்தார்கள். அதற்கும் இந்தக் குழந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

லம்மர்ட் அவள் முன் மண்டியிட்டு வழக்கம்போலக் காதோடு கேட்டார். அவளும் சொன்னாள். கேப்டன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மைதானம் நிரம்பி வழிந்தது. நடுவட்டத்திலிருந்து அவள் பந்தை உருட்டிக்கொண்டு ஓடிவந்தாள், சடை குதித்தது, எல்லோரும் எழுந்து நின்றார்கள். உதைத்தாள். லம்மர்ட் பாய்ந்தார்.

பந்து அவர் கைக்குள் இருந்தது.

கோவிலில் யாரோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல மைதானமே அடங்கிப்போனது. லம்மர்ட் பந்தைப் பார்த்தார். பந்துக்கும் அவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்கும். அவசரமாக அதைக் கோலுக்குள் உருட்டிவிட்டார். அது இன்னும் மோசமாகிவிட்டது. ஃபென்னாவின் உதடு பிதுங்கியது. அழவில்லை. காற்று கொஞ்சம் கண்ணில் பட்டிருக்கலாம். பிறகு சத்தம் ஆரம்பித்தது. இத்தனை வருஷத்தில் எதிரணிக்குக்கூட எங்கள் கூட்டம் அப்படிக் கூச்சல் போட்டதில்லை.

"டேய் லம்மர்ட், அடுத்து அது கையிலருக்கிற மிட்டாயையும் பிடுங்கு!"

"பதிமூணு வருஷம் காத்திருந்து இவன் தடுத்த முதல் பந்து பாருய்யா!"

கோச் வீரிங்கா அவரைக் கோட்டோரம் இழுத்துவந்தார். முகம் பீட்ரூட். "ஏன்டா பிடிச்ச?"

லம்மர்ட் ஒரு கணம் வாயைத் திறந்தார். குழந்தையைப் பார்த்தார். அவள் கோட்டோரம் நின்ற அப்பாவின் கால்சட்டையில் முகத்தைப் புதைத்திருந்தாள். ஆயிரக்கணக்கானவர்கள் அவளைப் பார்த்து ஐயோ பாவம் என்றுகொண்டிருந்தார்கள்.

"கை தானா போயிடுச்சு கோச்."

"தானா போச்சா! இந்தக் கூட்டம் உன்னைக் கடிச்சுத் துப்பிடும். வேணாம், உக்காரு. சின்னவனை எறக்கறேன்."

லம்மர்ட் கையுறையின் பட்டையைப் பிரிக்க ஆரம்பித்தார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து பழகிய மனுஷன். அந்தப் பட்டை பிரியும் சத்தம்தான் பெஞ்சின் ஓரத்தில் போர்வைக்குள் கிடந்த ஒருத்தனை எழுப்பியது. யூர்யன். மடியில் வாளி.

"அவர்தான் ஆடறாரு" என்றான் போர்வைக்குள்ளிருந்து.

"நீ படுப்பா."

"அவரை உக்கார வச்சீங்கன்னா நான் எறங்குவேன் கோச். நேராப் போயி நடுக்கோட்டுல நின்னு வாந்தி எடுப்பேன். டிவியில காட்டுவாங்க. அப்புறம் உங்களையும் காட்டுவாங்க."

நடுவர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். கோச் வாளியைப் பார்த்தார், யூர்யனைப் பார்த்தார். "போய்த் தொலை" என்றார் லம்மர்ட்டிடம்.

அந்த ஆட்டத்தை அவர் எப்படி ஆடினார் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உண்மை இதுதான்: முதல் பாதியில் ஒன்று வாங்கினார். நல்ல கோல், யாராலும் தடுக்க முடியாதது. சொந்தக் கூட்டமே கைதட்டியது. "இதைத்தான்டா அப்பவே விட்டிருக்கணும்!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். லம்மர்ட் திரும்பி அவனுக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று திரும்பியது. மூலைக்கு வந்த ஒன்றை விரல்நுனியால் வெளியே தள்ளினார். வசவு வந்தது, ஆனால் பாதி மனசோடு. நெஞ்சுக்கு நேராக வந்த குண்டு ஒன்றை அப்படியே விழுங்கினார். ஒருத்தரும் திட்டவில்லை. எங்களவர்கள் ஒன்று போட்டுச் சமன் செய்தார்கள்.

கடைசியில் தெற்கத்திக்காரர்கள் தங்கள் கோலைக் காலியாகப் போட்டுவிட்டு எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். கார்னர். எங்கள் பெனால்டி பெட்டிக்குள் கல்யாணக் கூட்டம்போல நெரிசல். பந்து வந்தது. அத்தனை தலைகளுக்கும் மேலே, உருளைக்கிழங்குகளுக்கு நடுவே கல்லைக் கண்டுகொண்ட கை ஒன்று எழும்பியது. பந்தைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு விழுந்தார். மேலே மூன்று பேர் விழுந்தார்கள். ஒருத்தன் பூட்ஸ் கன்னத்தைக் கிழித்தது. அவர்களையெல்லாம் உருவியெடுத்தபோது அடியில் லம்மர்ட் கோழி முட்டையை அடைகாப்பதுபோலப் பந்தைக் காத்துக்கொண்டு கிடந்தார்.

விசில். ஒன்றுக்கு ஒன்று. தெற்கத்திக்காரர்கள் இரண்டாம் டிவிஷனிலேயே இருந்தார்கள்.

யூர்யன் வாளியோடு ஓடிவந்து கட்டிப்பிடித்தான். வாளியை முதலில் கீழே வைத்திருக்கலாம். ஆனால் கூட்டம் பாட ஆரம்பித்தது வேறு பாட்டு: "லம்மர்ட், குழந்தைகிட்ட மன்னிப்பு கேளு!" எல்லோரும் சேர்ந்து, கைதட்டி, இப்போது சிரித்துக்கொண்டு. ஒருத்தரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

லம்மர்ட் கன்னத்தில் ரத்தத்தோடு போய் ஃபென்னாவைக் கூட்டிவந்தார். மண்டியிட்டார். காதோடு என்னவோ கேட்டார். அவளும் என்னவோ சொன்னாள். நடுவட்டத்திலிருந்து ஓடிவந்தாள். கவனித்தவர்களுக்குத் தெரியும், இந்தமுறை பந்து அவள் காலைவிட்டுக் கிளம்பும்வரை லம்மர்ட் இமைக்கக்கூட இல்லை. கிளம்பிய பிறகுதான் எதிர்ப்பக்கம் குண்டடி பட்டு விழுந்தார். கோல்! அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துப் பண்ணை மாடுகள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடியதாகச் சொல்கிறார்கள். மாடுகளைப் பற்றி மட்டும் எனக்கு நிச்சயமில்லை.

அன்றிரவு ஹில்லி ஜெர்சியைப் பார்த்தாள். சேறு, புல், ரத்தம், யூர்யனின் உபயம் கொஞ்சம். "இதைத் துவைக்கவா, சட்டம் போட்டு மாட்டவா?" என்றாள்.

"துவை. ஆடினேனா பாத்தேனான்னு யாராவது கேட்டா, துவைச்சது யாருன்னு உன்னைக் காட்டறேன்."

துவைத்தாள். கன்னத்தில் தையல் போட்ட தழும்பு இருக்கிறது. அது துவைத்தால் போகாது.

இப்போது அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். இந்த வேலைக்கு அவரைவிடத் தோதான ஆள் பூமியில் இல்லை. பக்கத்து சீட்டில் உட்காரவேண்டும், அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும், தேவைப்பட்டால் மட்டும் அழுத்தவேண்டும். மாணவர்கள் நடுங்கும்போது உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசுவார். நடுக்கம் நிற்கும். அவரிடம் கற்றவர்கள் முதல் தேர்விலேயே தேறிவிடுகிறார்கள். தேறியவர்களில் பாதிப்பேர் அவருக்குக் கோல் போட்டவர்கள்.

நாளைக்கு அவருக்கு ஐம்பது வயது. க்ளப் காண்டீனில் கேக்கும், க்ரோக்கெட் என்ற பொரித்த பலகாரமும் உண்டு. அங்கே வாசிப்பதற்காகத்தான் அவர் வாழ்க்கையை இப்படி எழுதும்படி ஆயிற்று. எழுதச் சொன்னது ஹில்லி. எழுதியது, இந்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே நிறுத்தப்பட்டதால் நிறைய நேரம் இருந்த, பதினேழு வயது ஃபென்னா. ஆமாம், அதே ஃபென்னாதான்.

இன்று காலை அவளுக்கு டிரைவிங் வகுப்பு. பின்சீட்டில் கிடந்த காகிதக் கட்டை லம்மர்ட் எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு கால் பிரேக்மேல், ஒரு கண் சாலைமேல், மூக்கில் கண்ணாடி. வடகடல் வந்தபோது சிரித்தார். யூர்யன் வந்தபோது கண்ணாடியைத் துடைத்தார். ரவுண்டானா வந்தது. ஃபென்னா இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டாள், வலது பக்கம் திருப்பினாள். பின்னால் டிராக்டர் ஒன்று அலறியது. லம்மர்ட்டின் கால் அழுத்தியது. கார் நின்றது.

"ஒண்ணைச் சொல்லிட்டு இன்னொண்ணு பண்றது" என்றார் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே. "ஏழு வயசுலேருந்து மாறல நீ."

"என்ன சொல்றீங்க லம்மர்ட்?"

"அன்னைக்கு எந்தப் பக்கம் அடிப்பேன்னு எங்காதுல சொன்ன?"

ஃபென்னா ஸ்டியரிங்கைப் பார்த்தாள். "...ஸ்கோர் பலகைப் பக்கம்."

"நான் எந்தப் பக்கம் விழுந்தேன்?"

"காண்டீன் பக்கம்."

"பந்து எந்தப் பக்கம் வந்துச்சு?"

டிராக்டர் மறுபடி அலறியது. ஃபென்னாவின் காதுமடல் சிவந்துபோயிருந்தது. "நீங்க ஏமாந்து முழிக்கிறதப் பாக்கணும்னு... ஏன் அப்பவே சொல்லல? கோச் உங்களை உக்கார வைக்க இருந்தாரே! அந்த ஒரு மேட்ச்சே போயிருக்குமே!"

"எனக்கு உக்காந்து பழக்கம். உனக்கு ஏழு வயசு. அந்தக் கூச்சல் உன்மேல திரும்பியிருந்தா?" லம்மர்ட் காகிதங்களை அடுக்கி அவள் மடியில் வைத்தார். "வண்டிய எடு, பின்னாடி ஆள் காத்திருக்காரு. 'கை தானா போயிடுச்சு' இருக்கட்டும், அது நல்லாருக்கு. 'உலக மகா அப்பாவி'ன்னு ஒண்ணு எழுதி வச்சிருக்க பாரு, அதை மட்டும் அடிச்சிடு."